தலைமாட்டில் இரண்டு செங்கல்

எங்கள் தெருமுனைக் காப்பிக்கடையின் சொந்தக்காரரான சீனர், என் விரதம் என்றைக்கு முடியும் என்று அடிக்கடி கேட்கிறார். நான் எந்த விரதமும் இருக்கவில்லை. உப்பு மட்டும் போட்ட அரிசிக் கஞ்சியை, மிளகாய் வேண்டாம், ஊறுகாய் வேண்டாம், கறுப்புக் காப்பியும் வேண்டாம் என்று சொல்லி, நிமிர்ந்து உட்கார்ந்து, கரண்டி கரண்டியாகக் குடிக்கிறேன். அவ்வளவுதான். தமிழன் ஒருவன் மிளகாய் இல்லாமல் சாப்பிட்டால் அது சாமிக்காகத்தான் இருக்கவேண்டும் என்பது அவர் கண்ட முடிவு. தைப்பூசத்துக்குக் காவடி எடுப்பவர்களை அவர் பார்த்திருக்கிறார். அவருக்குத் தெரிந்த மலாயையும் எனக்குத் தெரிந்த மலாயையும் சேர்த்தாலும், இரைப்பையிலிருந்து புளிப்பு மேலே ஏறுகிறது என்று சொல்லப் போதாது. ஒருமுறை நெஞ்சைத் தொட்டு, கையைத் தொண்டை வரை கொண்டுபோய்க் காட்டி, 'பானாஸ்' என்றேன். சூடு என்று பொருள். அவர் எழுந்துபோய் மின்விசிறியின் வேகத்தைக் கூட்டிவிட்டு வந்தார். அதற்குமேல் நான் விளக்கம் கொடுக்கவில்லை.

இந்த நாட்டில் ஒருவரையொருவர் பார்த்தால் 'சுடா மாக்கான்?' என்பார்கள். சாப்பிட்டாயிற்றா என்று அர்த்தம். ஆயிற்று என்றாலும் தலையாட்டுவார்கள். இல்லை என்றாலும் தலையாட்டிவிட்டுத் தங்கள் வேலையைப் பார்க்கப் போவார்கள். இந்தக் கேள்விக்குப் பதில் தேவையில்லை என்பது எனக்குப் பிடிபட ஒரு வருடம் ஆனது. புதுக்கோட்டைப் பக்கத்திலும் இதே கேள்விதான் கேட்போம். ஆனால் அங்கே பதில் எதுவானாலும் நடவடிக்கை உண்டு. இல்லை என்றால் இலை போடுவார்கள். ஆயிற்று என்றால், அது வேறு வீட்டில் சாப்பிட்டது என்று இலை போடுவார்கள். வயிறு சரியில்லை என்றால், ரசம் ஊற்றிக்கொண்டால் சரியாகிவிடும் என்று இலை போடுவார்கள். இந்த உத்தரவுக்கு மேல்முறையீடு கிடையாது. ஊரில் இருந்து இதைப் படிப்பவர்களுக்கு இது புதிதல்ல. என்னைப்போலக் கடல் தாண்டி வந்து, கெட்டுப்போன வயிற்றோடு லீவில் ஊருக்குப் போகிறவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

எனக்குச் சொந்த ஊர் வல்லத்திராக்கோட்டை. புதுக்கோட்டை சமஸ்தானத்து ரெவின்யூ ஆபீசில் குமாஸ்தாவாக இருந்தேன். நாற்பத்தெட்டில் சமஸ்தானம் சென்னை மாகாணத்தோடு சேர்ந்தபோது வாசலில் பலகையை மாற்றினார்கள். உள்ளே இருந்த எங்களில் சிலரை எங்கே போடுவது என்று யோசித்துக்கொண்டிருந்தார்கள். யோசனை முடியும்வரை காத்திருக்கும் பொறுமை எனக்கு இல்லை. நாகப்பட்டினத்தில் கப்பல் ஏறிப் பினாங்கில் இறங்கி, ஒரு ரப்பர் தோட்டத்து ஆபீசில் கிராணி ஆனேன். குமாஸ்தாவை இங்கே அப்படித்தான் சொல்வார்கள். இரண்டு வருடம் கழித்து மனைவியும் மகனும் வந்து சேர்ந்தார்கள். இப்போது மனைவி இல்லை. ஓய்வுபெற்று மகன் வீட்டில் இருக்கிறேன். மலாயாவையும் பெயர் மாற்றி மலேசியா ஆக்கிவிட்டார்கள். நான் போய் உட்காரும் இடத்திலெல்லாம் சிலகாலத்தில் பலகை மாறிவிடுகிறது.

நெஞ்செரிச்சல் இந்த நாட்டில்தான் தொடங்கியது. விடிவதற்கு முன் காலி வயிற்றில் கறுப்புக் காப்பி, மத்தியானம் பத்து நிமிடத்தில் ஒரு தட்டு நிறையச் சோறும் மீன் குழம்பும், உடனே பேரேட்டின் மேல் குனிந்து மூன்று மணி நேரம் எழுத்து. இராச்சாப்பாடு ஒன்பது மணிக்கு. சாப்பிட்ட கையோடு படுக்கை. பத்து வருடம் வயிறு பொறுத்துக்கொண்டது. அதன்பிறகு சாப்பிட்டது சாப்பிட்ட இடத்தில் இருக்க மறுத்தது. குனிந்தால் எதுக்களிக்கும், படுத்தால் புளித்த நீர் தொண்டைக்கு வந்து இருமவைக்கும். தோட்டத்து ஆஸ்பத்திரிக்கு வாரம் ஒருமுறை வந்த வெள்ளைக்கார டாக்டர் என்னைப் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பி, சுண்ணாம்புக் குழம்பு போன்ற எதையோ குடிக்கவைத்துப் படம் எடுக்கச் சொன்னார். படத்தைப் பார்த்துவிட்டு, 'இரைப்பையின் வாயில் உள்ள கதவு சரியாக மூடவில்லை' என்றார். கதவைச் சரிசெய்ய முடியாதா என்று கேட்டேன். 'கதவை விடுங்கள். உள்ளே கூட்டம் சேர்க்காதீர்கள்' என்றார்.

அவர் சொன்னது அதிகமில்லை, ஆனால் ஒவ்வொன்றும் என் வளர்ப்புக்கு விரோதமாக இருந்தது. வயிறு நிறைவதற்கு முன் எழுந்துவிட வேண்டும். மூன்று வேளைச் சாப்பாட்டை ஐந்தாகப் பிரித்துக்கொள்ள வேண்டும். புளி, மிளகாய், எண்ணெயில் பொரித்தது, கறுப்புக் காப்பி, வெற்றிலையோடு போடும் புகையிலை எல்லாவற்றையும் விட்டுவிட வேண்டும். சாப்பிட்டபின் மூன்று மணி நேரம் படுக்கவும் கூடாது, குனியவும் கூடாது; இருட்டுவதற்கு முன் கடைசிச் சாப்பாடு. இடுப்பில் வேட்டியை இறுக்கிக் கட்டக்கூடாது. கட்டிலின் தலைமாட்டுக் கால்கள் இரண்டுக்கும் கீழே ஒவ்வொரு செங்கல் வைக்கவேண்டும். இதில் எனக்குப் பிடித்தது செங்கல்தான். செங்கல் ஒன்றுதான் என் நாக்கிடமிருந்து எதையும் கேட்கவில்லை. முதல் இரண்டு வாரம் பத்தியச் சோற்றை வெறுத்துக்கொண்டே தின்றேன். மூன்றாவது வாரம் எரிச்சல் அடங்க ஆரம்பித்தது. யாருக்காவது இந்தத் தொல்லை இருந்தால் செய்து பாருங்கள். முதலில் ஒரு டாக்டரிடம் காட்டிவிட்டுச் செய்யுங்கள். பலன் தெரியும். ஆனால் ஊருக்குப் போகும்போது இதை எப்படிக் காப்பாற்றுவது என்று டாக்டருக்குச் சொல்லத் தெரியவில்லை. கேட்கவேண்டும் என்று எனக்கும் தோன்றவில்லை.

ஓய்வுபெற்ற வருடம் ஊருக்குப் புறப்பட்டேன். என் தங்கை அழகம்மாளின் மகள் தெய்வானைக்குப் பரிசம் போடுகிறார்கள், தாய்மாமன் இல்லாமல் முடியாது என்று அழகம்மாளின் கணவர் சுப்பையா எழுதியிருந்தார். இங்கே ஒன்றைச் சொல்லவேண்டும். முறைப்படி தெய்வானை என் மகனுக்கு உரியவள். அழகம்மாள் அப்படித்தான் நினைத்திருந்தாள், கேட்டும் இருந்தாள். நானும் வேண்டாம் என்று ஒருநாளும் சொன்னதில்லை. என் மகன் இங்கேயே ஒரு பெண்ணைப் பார்த்துக் கட்டிக்கொண்டான். அதை நான் கடிதத்தில் எழுதியபோது, 'பிள்ளைங்க நல்லா இருக்கட்டும்' என்று ஒரே வரியில் பதில் எழுதச் சொல்லியிருந்தாள் அழகம்மாள். திட்டி நாலு வரி எழுதியிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

பயணத்துக்கு வேண்டிய காகிதங்கள் எல்லாவற்றையும் வரிசையாக அடுக்கினேன். பாஸ்போர்ட், அம்மை குத்திய சான்று, வரி பாக்கி இல்லை என்ற சான்று. அவற்றோடு யாரும் கேட்காத ஒரு சான்றையும் டாக்டரிடம் வாங்கினேன். இன்னார் இன்ன வியாதியின் காரணமாகக் காரமும் புளியும் இல்லாத உணவைக் குறைந்த அளவிலேயே உண்ணவேண்டியவர் என்று, கையெழுத்து, முத்திரை, தேதியோடு. எந்த வீட்டிலாவது இலை முன்னால் வழக்கு வந்தால் எடுத்துக் காட்டலாம் என்பது என் எண்ணம். முப்பது வருட ஆபீஸ் புத்தி வேறு எப்படி வேலை செய்யும்?

வந்து இறங்கிய அன்றே கொல்லையில் கிடந்த இரண்டு செங்கல்லை எடுத்துக் கட்டில் காலுக்குக் கொடுத்தேன். அழகம்மாள் பார்த்துக்கொண்டே நின்றாள்.

"என்னண்ணே இது, கட்டிலுக்குக் கல்லு?"

"தலைப்பக்கம் ஒசரமா இருக்கணும். டாக்டர் சொன்னது."

"ரெண்டு தலகாணி வச்சுக்கங்களேன்."

"தலகாணி கழுத்தைத்தான் தூக்கும். நெஞ்சைத் தூக்காது."

"பக்கத்து வீட்டுக்காரி பாத்தா, மலாயாவுலேருந்து வந்த மனுசன் கட்டிலுக்கு அடியில என்னமோ செஞ்சு வச்சிருக்காருன்னு சொல்லுவா. பரிசம் போடுற வீடு."

எனக்காக அரிசியைக் குழைய வடித்து, பாசிப்பருப்பை உப்புப் போட்டு வேகவைத்துத் தந்தாள். ஆனால் பரிமாறும்போது, "புள்ள பெத்தவளுக்குப் போடுற சோறு" என்று சுவரைப் பார்த்துச் சொன்னாள். தன் கைப்பக்குவத்தை நான் வேண்டாம் என்கிறேன் என்பதுதான் அவளுக்குப் புரிந்தது. கப்பல் ஏறிப் போனதிலிருந்து நான் சீமைக்காரன் ஆகிவிட்டேன் என்பதற்கு அவளுக்கு வேறு சாட்சி வேண்டியிருக்கவில்லை. நான் போகும்வரை 'நீ' என்று கூப்பிட்டவள் இப்போது 'நீங்க' என்றுதான் கூப்பிட்டாள்.

பரிசத்துக்கு முதல்நாள் சாயங்காலம் கட்டிலைப் பார்த்தேன், கற்கள் இல்லை. கொல்லையில் பந்திச் சமையலுக்கு அடுப்புக் கூட்டியிருந்தார்கள். "அண்டா அடுப்புக்கு ரெண்டு கல்லு கொறஞ்சுச்சுண்ணே. ஒரு நாளுதான" என்றாள். வேறு கல் தேடலாம் என்று இருந்தேன். வந்தவர் போனவரோடு பேசியதில் விட்டுப்போயிற்று. அன்று சமமான கட்டிலில் படுத்தேன். விடியும்போதே நெஞ்சுக்குழியில் நெருப்பு இருந்தது.

எங்கள் பக்கத்துப் பந்திக்கு ஒரு சட்டம் உண்டு. எங்கும் எழுதிவைக்கவில்லை, அதனால்தான் எல்லோருக்கும் தெரியும். பரிசப் பந்தியில் முதல் இலை தாய்மாமனுக்கு. அவன் கை வைத்த பிறகுதான் மற்றவர்கள் கை வைப்பார்கள். மோர் ஊற்றிச் சாப்பிட்டு அவன் இலையை மடித்த பிறகுதான் பந்தி எழும். நடுவில் அவன் எழுந்தால் அந்தச் சம்பந்தத்தில் அவனுக்குச் சம்மதம் இல்லை என்று பொருள். திருமயம் பக்கத்திலிருந்து மாப்பிள்ளை வீட்டார் நாற்பது பேர் வந்திருந்தார்கள். சாப்பாடு முடிந்து மூன்று மணிக்குத் தட்டு மாற்றுவது என்று ஏற்பாடு. எனக்குப் பக்கத்து இலையில் மாப்பிள்ளையின் தகப்பனார். கல்லில் செதுக்கியது போன்ற உடம்பு. அவருடைய இரைப்பைக்குக் கதவே தேவைப்படாது என்று தோன்றியது.

பருப்பும் நெய்யும் போயிற்று. சாம்பார் ஊற்றினார்கள், இரண்டு வாய் எடுத்தேன். தரையில் சம்மணமிட்டு இலைக்குக் குனிவது என் வியாதிக்கென்றே ஏற்பட்ட ஆசனம். மூன்றாவது வாய்க்குக் குனிந்தபோது உள்ளே இருந்தது எல்லாம் தொண்டைக்கு வந்துவிட்டது. சட்டம் எனக்குத் தெரியும். ஆனால் வாய் நிறையப் புளிப்பை வைத்துக்கொண்டிருப்பவனுக்குச் சட்டம் ஞாபகம் வராது. வாயைப் பொத்திக்கொண்டு எழுந்து கொல்லைக்கு ஓடினேன்.

வாய் கொப்பளித்துத் திரும்பியபோது பந்தி முழுவதும் எழுந்து நின்றது. இலைகளில் பிசைந்த சோறு அப்படியே கிடந்தது. பாயச வாளியோடு ஒருவர் எந்தப் பக்கம் போவது என்று தெரியாமல் நின்றார். மாப்பிள்ளையின் தகப்பனார் கையைக் கழுவிக்கொண்டே சுப்பையாவிடம் சொன்னார்:

"பொண்ணுக்கு மொற மாப்பிள்ள ஒருத்தன் மலாயாவுல இருக்கான்னு நாங்களும் கேள்விப்பட்டோம். அந்த வழக்க மொதல்ல முடிச்சுக்கங்க. அப்பறம் கூப்புடுங்க, வாரோம்."

"ஐயையோ, அதெல்லாம் இல்லைங்க. மச்சானுக்கு வயித்துல கோளாறு" என்றார் சுப்பையா.

"கோளாறுன்னா படுத்துல்ல கெடக்கணும்? காலையிலேருந்து பந்தக்கால் எல்லாம் நேரா இருக்கான்னு பாத்துக்கிட்டுத் திரிஞ்சாரே."

இங்கேதான் நான் என் வாழ்நாளின் சிறந்த முட்டாள்தனத்தைச் செய்தேன். பெட்டியைத் திறந்து சான்றை எடுத்து வந்தேன். வந்திருந்தவர்களில் ஒரு பள்ளிக்கூட வாத்தியார் அதை வாங்கி வாசித்துத் தமிழில் சொன்னார். மாப்பிள்ளையின் தகப்பனார் பொறுமையாகக் கேட்டார். நான் மேலதிகாரியின் முன் நிற்பவனைப்போல நின்றேன்.

"தேதி என்ன போட்டிருக்கு?" என்றார்.

வாத்தியார் சொன்னார். நான் கப்பல் ஏறுவதற்கு ஒரு வாரம் முந்திய தேதி.

"அப்ப பந்தியில எந்திரிக்கிறதுக்குப் போன மாசமே காகிதம் வாங்கிட்டுத்தான் வந்திருக்காரு" என்றார் அவர். கோபம்கூட இல்லை, சந்தேகம் தீர்ந்த மனிதரின் குரல். கொண்டுவந்த தட்டுகளைத் துணி மூடியபடியே வண்டியில் ஏற்றிக்கொண்டு போய்விட்டார்கள். தெய்வானை உள்ளே புதுப்புடவையோடு உட்கார்ந்திருந்தாள். அவளிடம் போய்ச் சொல்ல என்னிடம் எந்தக் காகிதமும் இல்லை.

மறுநாள் சுப்பையா பஸ் பிடித்து அவர்கள் ஊருக்குப் போனார். நான் அதற்குள் ஒரு விளக்கக் கடிதம் எழுதி வைத்திருந்தேன். பொருள், பார்வை, மூன்று பத்தி. திரும்பி வந்தவர் அதைப் படித்துப் பார்த்துவிட்டு மடித்து என் கையிலேயே கொடுத்தார்.

"மச்சான், இது தாலுகா ஆபீஸ் இல்ல. அவங்க கேக்குறது ஒண்ணுதான். புதன்கிழமை மறுபடி வாரோம். மாமன் தல எலையில உக்காந்து மோர் வரைக்கும் சாப்புடணும். இல்லாட்டி வேற எடம் பாக்குறோம்னுட்டாங்க."

"மோர் வரைக்கும்னா?"

"எல்லாந்தான். கொழம்பு, புளிக்கொழம்பு, ரசம், வடை, பாயாசம்."

கதவுக்குப் பின்னால் நின்றிருந்த அழகம்மாள் வெளியே வந்தாள். "அண்ணனுக்கு மட்டும் கொழம்பத் தெளிவா, புளி இல்லாம வச்சுரவா?"

"தல எலையில வேற கொழம்பு ஊத்துனா, பக்கத்துல உக்காந்து பாக்குறவரு சும்மா இருப்பாரா? அதுக்கு ஒரு கதை கட்டுவாங்க" என்றார் சுப்பையா. சொல்லிவிட்டு, மாட்டைப் பார்க்கவேண்டும் என்று வெளியே போய்விட்டார்.

அவள் என் எதிரில் தரையில் உட்கார்ந்தாள். பதினைந்து வருடத்துக்குப் பிறகு அன்றைக்குத்தான் 'நீ' என்றாள்.

"எனக்கு ஒண்ணு மட்டும் சொல்லு. ஒனக்கு உள்ளுக்குள்ள ஏதாச்சும் வருத்தமா? புள்ளைய வெளிய குடுக்குறமேன்னு?"

"வருத்தப்பட எனக்கு என்ன இருக்கு அழகு? நீ கேட்ட. நான்தான் பையனைக் குடுக்கல."

அவள் எழுந்து முந்தானையை உதறிச் செருகினாள். பிறகு, "அப்ப வந்து உக்காரு. ஒரு எலை. அதுக்கு மேல நான் ஒங்கிட்ட ஒண்ணும் கேக்க மாட்டேன்" என்றாள்.

புதன்கிழமை காலையில் ஒரு தம்ளர் பாலோடு நிறுத்திக்கொண்டேன். வேட்டியைத் தளர்த்திக் கட்டினேன். முதுகை வளைக்காமல், இலையிலிருந்து கையை வாய்க்குக் கொண்டுவருவதாக மனதுக்குள் ஒரு நடைமுறை வகுத்துக்கொண்டேன். அந்த நடைமுறை சாம்பார் வரை தாங்கியது. மாப்பிள்ளையின் தகப்பனார் தன் இலையைவிட என் இலையைத்தான் அதிகம் பார்த்தார். அவரைப்போல ஒரு தணிக்கை அதிகாரி எனக்கு எந்த ஆபீசிலும் வாய்த்ததில்லை. புளிக்குழம்பு வந்தபோது கையைக் காட்டிப் போதும் என்றேன்.

"மாமனுக்கு நல்லா ஊத்துங்கப்பா. வெக்கப்படுறாரு" என்றார் அவர்.

ஊற்றினார்கள். சாப்பிட்டேன். கடலை எண்ணெயில் பொரித்த வடை இரண்டையும் சாப்பிட்டேன். ரசத்துக்கு முன்னால் ஒருமுறை, ரசத்தின்போது ஒருமுறை, பாயசத்துக்குப் பிறகு ஒருமுறை மேலே வந்ததைத் திரும்ப விழுங்கினேன். மூன்றாவது தடவை கண்ணில் நீர் வழிந்து கன்னத்தில் இறங்கியது. துடைக்க இடது கையை எடுத்தபோது மாப்பிள்ளையின் தகப்பனார் அதைப் பார்த்துவிட்டார். பக்கத்தில் இருந்தவரிடம், என் காதில் விழும்படியாகவே, "தாய்மாமன்ல. பொண்ண வெளிய அனுப்புறதுன்னா இருக்கத்தான செய்யும்" என்றார். அவர் குரல் இளகிவிட்டது. நான் மறுக்கவில்லை. மறுக்க அது முழுப்பொய்யும் இல்லை. மோரைச் சாப்பிட்டு முடித்து இலையை என் பக்கமாக மடித்தேன். பந்தி எழுந்தது. மூன்று மணிக்குத் தட்டு மாற்றினார்கள்.

அன்று பிற்பகல் முழுவதும் பந்தல்காலில் முதுகைச் சாய்த்து நின்றுகொண்டிருந்தேன். உட்காரவும் முடியவில்லை, படுக்கவும் முடியவில்லை. கிணற்றடிக்குப் போவதும் வருவதுமாக இருந்தேன். விருந்தாளிகள் போய், பாத்திரங்கள் கழுவும் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தபோது அழகம்மாள் கொல்லையிலிருந்து வந்தாள். கிணற்றடியில் நான் இருந்த நிலையை அவள் பார்த்திருக்கிறாள் என்று முகத்திலேயே தெரிந்தது. இரண்டு கையிலும் இரண்டு செங்கல். அடுப்பிலிருந்து பிரித்து, தண்ணீர் ஊற்றிக் கழுவியிருந்தாள். ஒரு பக்கம் மட்டும் கரி போகவில்லை.

"இம்புட்டுப் படுறன்னு மொதல்லயே சொல்றதுக்கு என்ன?"

"சொன்னேனே."

"காகிதத்துலதான சொன்ன."

உள்ளே போய், தானே கட்டிலைத் தூக்கி, தானே குனிந்து இரண்டு காலுக்கும் கல் வைத்தாள். தலைமாட்டை அழுத்தி ஆட்டிப் பார்த்தாள். "கழுத்தையா தூக்குது, நெஞ்சையா?" என்றாள். நெஞ்சைத்தான் என்றேன். அன்றைக்குப் பிறகு நான் கிளம்பும்வரை பாசிப்பருப்புச் சோற்றைப் பற்றிச் சுவரிடம் அவள் ஒன்றும் சொல்லவில்லை. எரிச்சல் அடங்கப் பதினோரு நாள் ஆனது. தெய்வானையின் கல்யாணப் பந்தியில் மாப்பிள்ளையின் தகப்பனாரே பரிமாறுகிறவர்களைத் தடுத்து, "மாமனுக்குக் கொஞ்சமா வைங்க, ஒத்துக்காது" என்றார். சம்மதம் பதிவாகிவிட்டதால் வியாதிக்கும் அங்கீகாரம் கிடைத்துவிட்டது.

இப்போது அழகம்மாளின் கடிதங்களைத் தெய்வானைதான் எழுதுகிறாள். போன கடிதத்தில் மழை, மாடு, உடம்பு எல்லாம் விசாரித்துவிட்டுக் கடைசியில் இப்படி இருந்தது: 'மாமா கட்டில் கல்லை அம்மா எடுக்க விடவில்லை. வேறு யாரும் அதில் படுக்க முடியவில்லை. என் பிள்ளை மேலே ஏறி உட்கார்ந்து சறுக்கி விளையாடுகிறான்.' அந்தக் கட்டிலில் போய்ப் படுக்க எனக்கு வேண்டிய காகிதங்கள் என்னென்ன, எந்த ஆபீசில் எத்தனை நாள் ஆகும் என்பது எல்லாம் எனக்கு மனப்பாடம். விண்ணப்பம் எழுதத்தான் கை வரவில்லை. அங்கே போனாலும் பருப்புச் சோறுதான். இங்கே இருந்தாலும் கஞ்சிதான்.

சாய்ந்த கட்டிலில் ஒரு குறை உண்டு. டாக்டர் அதைச் சொல்லவில்லை. படுத்தவன் தெரியாமலே கால் பக்கமாக இறங்கிக்கொண்டிருப்பான். தலையணையில் தலையை வைத்துத்தான் படுக்கிறேன். விடிந்து பார்த்தால் தலையணை மேலே இருக்கிறது; நான் கீழே, கட்டில் சட்டத்தில் காலை ஊன்றியபடி கிடக்கிறேன். அங்கேயும் அப்படித்தான் கிடந்தேன். எழுந்து முகம் கழுவிவிட்டு, விரதக்காரனாகக் காப்பிக்கடைக்குப் போகிறேன்.